வேலூரில் ஒரு டாக்கர் சர்வர்: பெட்டி வைக்கும் இடத்திலிருந்து பேக்கப் வரை

மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பொட்டலங்களாக ஓட்டும் டாக்கரை நிறுவ ஐந்து நிமிடம் போதும். அதைச் சுற்றியுள்ள வேலைதான் ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளைச் செலவழிக்காதவர்களின் சர்வர் சில மாதம் ஒழுங்காக ஓடிவிட்டு, ஒரு நாள் டிஸ்க் நிரம்பி நிற்கும். அல்லது கரண்ட் போய் வந்ததும் எழுந்திருக்காது. காந்தி ரோட்டு லாட்ஜில் அறைப் பதிவு, லாங்கு பஜார் கடையில் பில்லிங், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் யூனிட்டின் சரக்குக் கணக்கு என்று இரண்டு மூன்று மென்பொருள்களை ஒரே பெட்டியில் கன்டெய்னர்களாக ஓட்ட நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. லினக்ஸ் டெர்மினலில் நாலு கமாண்ட் அடித்த பழக்கம் இருந்தால் போதும். கமாண்ட், ஃபைல் பெயர்களை இங்கே உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறோம். அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு. கன்டெய்னர் தனிக் கம்ப்யூட்டர் அல்ல. எல்லாக் கன்டெய்னர்களும் அதே ஒரு லினக்ஸ் கெர்னலில்தான் ஓடுகின்றன. ஒன்றின் கண்ணில் மற்றொன்று படாமல் நேம்ஸ்பேஸ் மறைக்கிறது. எவ்வளவு மெமரி, எவ்வளவு சிபியு என்பதை சிகுரூப் அளந்து கொடுக்கிறது. ஆகவே அடியில் இருக்கும் சர்வருக்கு வரும் ஒவ்வொரு கோளாறும் மேலே உள்ள அத்தனை கன்டெய்னர்களையும் தாக்கும். டிஸ்க் நிரம்பினால் எல்லாம் போச்சு.

சொந்தப் பெட்டியா, வாடகை சர்வரா

கடைக்குள்ளேயே பயன்படுத்தும் பில்லிங், ஸ்டாக் போன்றவற்றுக்குச் சொந்தப் பெட்டிதான் சரி. இன்டர்நெட் அறுந்தாலும் கவுன்டரில் பில் போடலாம். வாடிக்கையாளர் வெளியிலிருந்து திறக்கும் வெப்சைட் என்றால், பெங்களூரிலோ சென்னையிலோ மும்பையிலோ உள்ள டேட்டா சென்டரில் 2 ஜிபி மெமரி கொண்ட ஒரு வாடகை சர்வர் எடுத்துவிடுங்கள். சொந்தப் பெட்டியை வெளியுலகுக்குத் திறப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரவுட்டரின் உள்ளே போய் டபிள்யூஏஎன் (வெளி இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், உங்கள் இன்டர்நெட் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். போர்ட் ஃபார்வர்டிங் எத்தனை முறை போட்டாலும் வேலை செய்யாது. மாதக் கட்டணம் கட்டி ஸ்டாட்டிக் ஐபி வாங்க வேண்டும், அல்லது வயர்கார்ட் என்ற விபிஎன் மூலம் வெளியிலுள்ள ஒரு சர்வருக்குச் சுரங்கம் போட வேண்டும்.

வாடகை சர்வர் எடுப்பவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகலாம்.

பெட்டி, சூடு, கரண்ட்

மூன்று நாலு கன்டெய்னர்களுக்கு இன்டெல் என்100 வகை மினி பிசி தாராளம். 8 ஜிபி மெமரியில் ஓடும். 16 ஜிபி இருந்தால் கவலை இல்லை. 500 ஜிபி எஸ்எஸ்டி போடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கில் டேட்டாபேஸ் ஓட்டாதீர்கள். ராஸ்ப்பெரி பை மலிவாகக் கிடைக்கிறதே என்றால், அதன் சிப் ஆர்ம் வகை. இன்டெல் வகைக்கு மட்டும் கட்டிய இமேஜை (கன்டெய்னரை உருவாக்கும் அச்சு) அதில் ஓட்டினால் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். உங்கள் பில்லிங் மென்பொருள் ஆர்ம் இமேஜ் தருகிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் முக்கியம். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். மொட்டை மாடி ஷீட் அறை, கல்லாவுக்கு அடியில் மூடிய டிராயர், சாமி படத்துக்குப் பக்கத்துப் பலகை ஆகிய மூன்றும் வேண்டாம். வெளிக்காற்றே 42 என்றால் பெட்டிக்குள் இன்னும் கூடும். பல என்விஎம்இ டிஸ்க்குகள் 70 டிகிரிக்கு மேல் போனதும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். 'மதியம் மட்டும் சாஃப்ட்வேர் ஸ்லோ' என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருக்கலாம். எல்எம்-சென்சார்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டு, பிற்பகல் மூன்று மணிக்கு 'சென்சார்ஸ்' என்று அடித்துப் பாருங்கள். தரைத்தளத்தில், சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் வைத்தால் தூசியும் குறையும்.

கரண்டுக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்று. மினி பிசியும் ரவுட்டரும் சேர்ந்து சொற்ப வாட்தான் இழுக்கும். ஆனால் வாங்கும்போது யூபிஎஸ்ஸின் பின்பக்கம் யூஎஸ்பி போர்ட் இருக்கிறதா பாருங்கள். மலிவானவற்றில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் பேட்டரி தீர்வதை அது சர்வருக்குச் சொல்ல வழியில்லை. வீட்டு இன்வர்ட்டரில் ஓட்டுவதானால் அதன் ஸ்விட்சை யூபிஎஸ் மோடில் வையுங்கள். மற்ற மோடில் கரண்ட் மாறும் இடைவெளி நீண்டு, மின்விசிறிக்கு ஒன்றும் ஆகாது, கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

யூபிஎஸ்ஸை 'நட்' என்ற மென்பொருளோடு இணைத்து, பேட்டரி தீரும் நிலையில் சர்வர் தானே ஒழுங்காக அணையும்படி செய்யுங்கள். பயாஸில் 'ரீஸ்டோர் ஆன் ஏசி பவர் லாஸ்' என்பதை 'பவர் ஆன்' ஆக்குங்கள். இங்கே பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. பேட்டரி தீரப்போகிறது என்று சர்வர் அணைந்துவிட்டது. யூபிஎஸ் இன்னும் சாகவில்லை. அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிட்டது. சர்வரைப் பொறுத்தவரை மின்சாரம் நிற்கவே இல்லை. ஆகவே அது தானாக எழாது. காலையில் கடை திறப்பவர் பட்டனை அழுத்தும் வரை அப்படியே கிடக்கும். சர்வர் அணைந்தபின் யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை ஒருமுறை வெட்டிப் போட வேண்டும். நட்டில் அதற்கு அமைப்பு உண்டு, யூபிஎஸ்ஸும் அதை ஏற்க வேண்டும். மெயின் பிளக்கைப் பிடுங்கி, சர்வர் அணையும் கணத்தில் திரும்பச் செருகிச் சோதியுங்கள்.

உபுண்டு போடும்போது

உபுண்டு சர்வர் 24.04 எல்டிஎஸ் போதுமானது. வழக்கமான ஆதரவு 2029 வரை உண்டு. டெபியன் பிடித்தவர்கள் டெபியன் போடலாம், பெரிய வித்தியாசம் இல்லை. டெஸ்க்டாப் பதிப்பு வேண்டாம்.

நிறுவும்போது இரண்டு திரைகளில் நிதானியுங்கள். ஒன்று, டிஸ்க் திரை. எல்விஎம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்துப் பின்னால் நீட்ட உதவும் அமைப்பு) தானாகவே டிக் ஆகியிருக்கும். அப்படியே விட்டால், 200 ஜிபிக்கு மேற்பட்ட டிஸ்க்கிலும் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் ஒதுக்கிவிட்டு மீதியைச் சும்மா விட்டுவிடும். '500 ஜிபி டிஸ்க் வாங்கினோம், 100 தானே காட்டுது' என்ற கேள்வியின் பதில் இதுதான். 500 ஜிபி டிஸ்க்கென்றால் ரூட்டுக்கு 60, '/வார்' பகுதிக்குத் தனி வால்யூமாக 300 கொடுத்து, மீதியைக் காலியாகவே வையுங்கள். டாக்கரின் இமேஜ், டாக்கர் வால்யூம் (கன்டெய்னரின் டேட்டா இருக்கும் இடம்), லாக் எல்லாம் '/வார்/லிப்' அடியில்தான் குவியும். அது நிரம்பினாலும் ரூட்டில் இடம் இருப்பதால் உள்ளே நுழைந்து சரிசெய்ய முடியும். பின்னால் இடம் போதாவிட்டால் சர்வரை நிறுத்தாமலேயே 'எல்விஎக்ஸ்டெண்ட்' மூலம் நீட்டலாம். ஈஎக்ஸ்டி4 பகுதியைச் சுருக்குவதற்குத்தான் நிறுத்த வேண்டும்.

'/வார்/லிப்/டாக்கர்' ஃபோல்டரை மட்டும் தனிப் பகுதியாக்கச் சொல்லும் பழைய குறிப்புகளைப் பின்பற்ற வேண்டாம். புதிய டாக்கர் பதிப்புகள் இமேஜ்களை '/வார்/லிப்/கன்டெய்னர்டி' பக்கம் வைக்கின்றன. '/வார்' முழுவதையும் பிரித்தால் இரண்டும் அடங்கிவிடும்.

இரண்டாவது, நிறுவலின் கடைசியில் வரும் ஸ்னாப் (உபுண்டுவின் தனி வகைப் பேக்கேஜ்) பட்டியல். அதில் டாக்கர் என்று ஒரு வரி இருக்கும். ஆசையாக டிக் செய்துவிடாதீர்கள். ஸ்னாப் டாக்கர் வேறொரு கூண்டுக்குள் ஓடுகிறது. பல ஃபோல்டர்களை அதனால் பார்க்க முடியாது, அமைப்பு ஃபைல்களும் வேறு இடத்தில் இருக்கும். இந்தக் கட்டுரையில் சொல்லும் பாதி விஷயம் அதில் பொருந்தாது. ஏற்கெனவே போட்டிருந்தால் முதலில் அதை நீக்குங்கள்.

நுழைவும் நேரமும்

உங்கள் லேப்டாப்பில் ஈடி25519 வகை எஸ்எஸ்எச் சாவி உருவாக்கி, 'எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி' மூலம் சர்வருக்கு அனுப்புங்கள். சாவியில் நுழைய முடிகிறது என்று உறுதியானபின் பாஸ்வேர்டு நுழைவை மூடுங்கள். மூடிய பிறகும் பாஸ்வேர்டு கேட்கிறதா? '/ஈடிசி/எஸ்எஸ்எச்/எஸ்எஸ்எச்டி_கான்ஃபிக்.டி' ஃபோல்டரில் '50-கிளவுட்-இனிட்.கான்ஃப்' என்று ஒரு ஃபைல் இருக்கும். அதில் பாஸ்வேர்டுக்கு 'யெஸ்' என்று எழுதியிருக்கும். எஸ்எஸ்எச் முதலில் படிக்கும் மதிப்பையே எடுத்துக்கொள்ளும். உங்கள் ஃபைலுக்கு 10 என்று தொடங்கும் பெயர் வைத்தால் அது முந்திக்கொள்ளும். 'எஸ்எஸ்எச்டி -டி' (டி பெரிய எழுத்து) அடித்தால் உண்மையில் எது நடப்பில் இருக்கிறது என்று காட்டும். இதையெல்லாம் செய்யும்போது பழைய டெர்மினலை மூடாமல் வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொன்றில் நுழைந்து பாருங்கள்.

சர்வரின் நேரத்தை ஏஷியா/கொல்கத்தா (ஏ, கே பெரிய எழுத்து) ஆக்க ஒரு 'டைம்டேட்சிடிஎல்' கமாண்ட் போதும். கன்டெய்னர்களுக்கு அது போதாது. பெரும்பாலான இமேஜ்கள் யூடிசி நேரத்தில் ஓடுகின்றன. நேதாஜி மார்க்கெட் மண்டியில் விடியற்காலை 4 மணிக்குப் போடும் பில், கன்டெய்னருக்கு முந்தைய நாள் இரவு 10.30. அன்றைய வசூல் கணக்கு இரண்டு தேதிகளாகப் பிளந்துவிடும். காலை 5.30க்கு முன் வியாபாரம் இல்லாத கடையில் மாதக்கணக்கில் யாருக்கும் இது தெரியவே தெரியாது. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் 'டிஇசட்' (இரண்டும் பெரிய எழுத்து) என்ற சூழல் மாறியில் ஏஷியா/கொல்கத்தா என்று கொடுங்கள். ஆல்பைன் போன்ற சின்ன இமேஜ்களில் 'டிஇசட்டேட்டா' பேக்கேஜ் இல்லாவிட்டால் மாறி கொடுத்தும் பயனில்லை. அதையும் இமேஜில் சேர்க்க வேண்டும். சேர்த்தபின் கன்டெய்னருக்குள் போய் 'டேட்' அடித்துப் பாருங்கள்.

டாக்கர் நிறுவல்

உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலும் டாக்கர் இருக்கிறது. டாக்கர் நிறுவனத்தின் களஞ்சியத்திலிருந்து போடுவதே மேல். புதிய பதிப்புகள் அங்கேதான் முதலில் வரும். இரண்டையும் கலக்கக் கூடாது. ஆகவே டாக்கர்.ஐஓ, டாக்கர்-கம்போஸ், பாட்மேன்-டாக்கர், கன்டெய்னர்டி, ரன்சி ஆகிய பேக்கேஜ்கள் இருந்தால் நீக்குங்கள்.

பிறகு டாக்கரின் ஜிபிஜி சாவியை '/ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்' ஃபோல்டரில் இறக்கி, எல்லோரும் படிக்கும் அனுமதி கொடுங்கள். அந்த அனுமதி விட்டுப்போனால் 'ஆப்ட் அப்டேட்' செய்யும்போது 'நோ பப்கீ' என்ற பிழை வரும். சாவி சரியாக இருந்தும் வரும், அதனால்தான் குழப்பம். அடுத்து களஞ்சிய முகவரியைச் சேர்க்க வேண்டும். அதில் உங்கள் பதிப்பின் பெயர் இருக்கும், 24.04க்கு அது நோபிள். வேறு பதிப்புக்கு எழுதிய வரியை அப்படியே ஒட்டினால் தப்பான பேக்கேஜ் இறங்கும், அல்லது 404 வரும். 'ஆப்ட்-கீ' என்று தொடங்கும் குறிப்பு எதிலாவது கண்டால் அது பழசு, விட்டுவிடுங்கள். சரியான வரிகள் டாக்ஸ்.டாக்கர்.காம் தளத்தில் உபுண்டு பக்கத்தில் உள்ளன.

பின் ஐந்து பேக்கேஜ்கள்: டாக்கர்-சிஇ, டாக்கர்-சிஇ-சிஎல்ஐ, கன்டெய்னர்டி.ஐஓ, டாக்கர்-பில்ட்எக்ஸ்-ப்ளகின், டாக்கர்-கம்போஸ்-ப்ளகின். முடிந்ததும் 'சூடோ டாக்கர் ரன் ஹலோ-வேர்ல்டு'. வாழ்த்துச் செய்தி வந்தால் நிறுவல் சரி.

'429 டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். கணக்கு இல்லாமல் இமேஜ் இறக்க டாக்கர் ஹப் ஒவ்வொரு ஐபி முகவரிக்கும் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. மேலே சொன்ன பங்கு முகவரியில் இருப்பவர்களுக்கு, தெருவில் யாரோ இறக்கியதும் சேர்ந்தே எண்ணப்படும். இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி 'டாக்கர் லாகின்' செய்தால் தீரும்.

'சூடோ' இல்லாமல் ஓட்ட உங்கள் பயனரை டாக்கர் குழுவில் சேர்ப்பார்கள். சேர்த்தபின் ஒருமுறை வெளியேறி நுழைந்தால்தான் பலிக்கும். அந்தக் குழுவில் இருப்பவர் கிட்டத்தட்ட ரூட் தான்: சர்வரின் முழு டிஸ்க்கையும் ஒரு கன்டெய்னருக்குள் ஏற்றி எதையும் திருத்தலாம். கவுன்டர் பையனின் பயனர் கணக்கை அதில் சேர்க்காதீர்கள்.

முதல் கன்டெய்னருக்கு முன் ஒரு ஃபைல்

'/ஈடிசி/டாக்கர்/டீமன்.ஜேசன்'. இந்த ஃபைல் தொடக்கத்தில் இருக்காது. நீங்கள்தான் உருவாக்க வேண்டும். புதியவர்கள் தவறவிடும் இடங்களில் இதுவே பெரியது.

டாக்கரின் இயல்பான லாக் டிரைவர் ஜேசன்-ஃபைல். அதற்கு அளவு வரம்பு கிடையாது. ஒரு கன்டெய்னர் நிமிடத்துக்கு நூறு வரி கக்கினாலும் கேட்பாரில்லாமல் எழுதிக்கொண்டே போகும். டிஸ்க் நிரம்பியதும் டேட்டாபேஸ் எழுத முடியாமல் நிற்கும். ஆகவே 'லாக்-டிரைவர்' மதிப்பை 'லோக்கல்' என்றும், 'லாக்-ஆப்ட்ஸ்' அடியில் 'மேக்ஸ்-சைஸ்' 10எம், 'மேக்ஸ்-ஃபைல்' 3 என்றும் எழுதுங்கள். கன்டெய்னர் ஒன்றுக்கு 30 எம்பிக்கு மேல் போகாது. அந்த 3 என்ற எண்ணையும் மேற்கோள் குறிக்குள்தான் போட வேண்டும். வெறும் எண்ணாகப் போட்டால் டாக்கர் எழ மறுக்கும். கடைசி வரிக்குப் பின் ஒரு கமா மிஞ்சினாலும் அப்படித்தான்.

அதே ஃபைலில் 'லைவ்-ரீஸ்டோர்' மதிப்பை 'ட்ரூ' ஆக்கினால், டாக்கர் சேவை ரீஸ்டார்ட் ஆகும்போது கன்டெய்னர்கள் நிற்காது. முகவரி வரம்பையும் இங்கேயே தீர்மானியுங்கள். டாக்கர் தன் உள் நெட்வொர்க்குகளுக்கு 172.17 முதல் மேலே எடுத்துக்கொண்டே போகும். உங்கள் கிளை அலுவலகமோ விபிஎன்னோ அதே வரம்பில் இருந்தால், புது மென்பொருள் ஏற்றிய நாளிலிருந்து சர்வரால் அங்கே உள்ள பிரின்டரை எட்ட முடியாது. 'டிஃபால்ட்-அட்ரஸ்-பூல்ஸ்' அடியில் பேஸ் 10.201.0.0/16, சைஸ் 24 என்று கொடுத்தால் 256 சிறு நெட்வொர்க்குகள் கிடைக்கும். வீட்டு ரவுட்டர் 192.168.1 மட்டும் உள்ள ஒற்றைக் கடைக்கு இது அவசரமில்லை.

சேமித்தபின் 'டாக்கர்டி --வேலிடேட்' கொண்டு சரிபார்த்து, பிறகு சேவையை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லாக் வரம்பு புதிதாக உருவாகும் கன்டெய்னர்களுக்கு மட்டும்தான். பழையவற்றை நீக்கி மறுபடி உருவாக்க வேண்டும். முதல் கன்டெய்னருக்கு முன்பே செய்யச் சொல்வது அதனால்தான்.

ஃபயர்வால் மூடியும் திறந்திருக்கும் போர்ட்

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டு, எஸ்எஸ்எச் தவிர எல்லாவற்றையும் மூடியாயிற்று. ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் கன்டெய்னரை 5432:5432 என்று போர்ட் கொடுத்து ஏற்றியாயிற்று. யூஎஃப்டபிள்யூ 5432 மூடியிருப்பதாகவே காட்டும். வெளியிலிருந்து பார்த்தால் திறந்திருக்கும்! டாக்கர் ஐபிடேபிள்ஸில் (பாக்கெட்டுகளை வடிகட்டும் லினக்ஸ் விதிப்பட்டியல்) தன் விதிகளை நேரடியாக எழுதுகிறது. கன்டெய்னருக்குப் போகும் பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கே வருவதில்லை, வேறு வழியாகத் திரும்பிப் போய்விடுகிறது.

ரவுட்டருக்குப் பின்னால் உள்ள கடைச் சர்வரில் ஆபத்து குறைவு. பொது ஐபி உள்ள வாடகை சர்வரில் இது நேரடி ஆபத்து. தீர்வு எளிது. டேட்டாபேஸுக்கு வெளிப்போர்ட்டே கொடுக்காதீர்கள். ஒரே கம்போஸ் ஃபைலில் (பல கன்டெய்னர்களைச் சேர்த்து வரையறுக்கும் ஃபைல்) உள்ள கன்டெய்னர்கள் ஒன்றையொன்று சேவைப் பெயராலேயே கூப்பிட்டுக்கொள்ளும். சர்வரிலிருந்து மட்டும் எட்ட வேண்டுமென்றால் 127.0.0.1:5432:5432 என்று எழுதுங்கள். வெளியே தெரிய வேண்டியவை 80, 443 இரண்டு மட்டும். வெளியாட்களில் சிலரை மட்டும் அனுமதிக்க வேண்டிய நிலை வந்தால் விதியை 'டாக்கர்-யூசர்' (எல்லாம் பெரிய எழுத்து) சங்கிலியில் எழுத வேண்டும். வேலை முடிந்ததும் உங்கள் மொபைல் டேட்டாவிலிருந்து சர்வர் முகவரிக்கு ஒரு போர்ட் ஸ்கேன் ஓட்டிப் பாருங்கள். சர்வருக்குள் நின்றுகொண்டு பார்த்தால் உண்மை தெரியாது.

ரீஸ்டார்ட், மெமரி, வெளி டிஸ்க்

கம்போஸ் ஃபைலில் ஒவ்வொரு சேவைக்கும் 'ரீஸ்டார்ட்: அன்லெஸ்-ஸ்டாப்ட்' எழுதுங்கள். ரீபூட்டுக்குப் பின் தானே எழும். நீங்கள் கையால் நிறுத்தியது மட்டும் நின்றபடியே இருக்கும். 'டிபெண்ட்ஸ்_ஆன்' வரிசை கரண்ட் போய் வந்தபின் கைகொடுக்காது. அது 'கம்போஸ் அப்' அடிக்கும்போது மட்டும் பார்க்கப்படுவது; ரீபூட்டில் டாக்கர் எல்லாவற்றையும் சேர்த்தே எழுப்பும். டேட்டாபேஸ் எழுமுன் மென்பொருள் எழுந்து, இணைப்பு கிடைக்காமல் செத்து, மறுபடி எழும். இரண்டு மூன்று சுற்றில் சரியாகிவிடும் மென்பொருள் பரவாயில்லை. சாகாமலும் மறுபடி இணைக்காமலும் வெறுமனே நிற்கும் மென்பொருளைத் தந்தவரிடம் கேட்டுத் திருத்தி வாங்குங்கள்.

மெமரிக்கு வரம்பு வையுங்கள்: 'மெம்_லிமிட்: 512எம்' போல. கன்டெய்னர் 137 என்ற எண்ணோடு நின்றால் அது யாரோ வலிந்து கொன்றது. பெரும்பாலும் மெமரி போதாமல் கெர்னல் கொன்றிருக்கும். 2 ஜிபி வாடகை சர்வரில் 2 ஜிபி ஸ்வாப் ஃபைல் ஒன்றும் சேர்த்துவிடுங்கள்.

வெளி யூஎஸ்பி டிஸ்க்கில் டேட்டா வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ரீபூட்டில் அந்த டிஸ்க் ஏறுவதற்கு முன் டாக்கர் எழுந்துவிட்டால், இல்லாத ஃபோல்டரைத் தானே காலியாக உருவாக்கி அதில் புது டேட்டாபேஸைத் தொடங்கிவிடும். திரையில் கணக்கு முழுக்கப் பூஜ்யம். டேட்டா எங்கும் போகவில்லை, டிஸ்க்கில் பத்திரமாக இருக்கிறது. பதறி எதையும் நீக்காதீர்கள். டிஸ்க்கை யூயூஐடி (அதன் தனி அடையாள எண்) கொண்டு 'எஃப்எஸ்டேப்' ஃபைலில் பதிந்து, டாக்கரின் சிஸ்டம்டி அமைப்பில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்' (ஆர், எம், எஃப் பெரிய எழுத்து) என்று அந்தப் பாதையைச் சேர்த்தால், டிஸ்க் வராமல் டாக்கர் எழாது.

ஒப்படைக்கும் முன்

கல்லாவில் ஆள் இல்லாத நேரத்தில் சர்வரை ரீபூட் செய்து, எதையும் தொடாமல் பத்து நிமிடம் காத்திருந்து, ஒரு பில் போட்டுப் பாருங்கள். கைவைத்தால்தான் எழுகிறது என்றால் வேலை முடியவில்லை.

பேக்கப்புக்கு, ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுக்காதீர்கள். பாதி எழுதிய நிலையில் சிக்கும். போஸ்ட்கிரெஸ் என்றால் 'பிஜி_டம்ப்' கொண்டு இரவில் எடுத்து, ஒரு பிரதி வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். எடுத்ததை இன்னொரு காலிக் கன்டெய்னரில் ஏற்றி, நேற்றைய கடைசி பில் நம்பர் வருகிறதா என்று மாதம் ஒருமுறை சரிபாருங்கள்.

'டாக்கர் சிஸ்டம் டிஎஃப்' எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும். பெயர் இழந்த பழைய இமேஜ்களை 'டாக்கர் இமேஜ் ப்ரூன்' கொண்டு கழிக்கலாம். 'கம்போஸ் டவுன்' கமாண்டோடு '-வி' சேர்த்தால் வால்யூம்களும் போய்விடும். இணையத்தில் கிடைக்கும் 'க்ளீன் ரீஸ்டார்ட்' குறிப்புகளில் அந்த '-வி' அடிக்கடி ஒட்டிக்கொண்டு வரும், ஒட்டுமுன் பாருங்கள்.

உபுண்டுவின் பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும். டாக்கர் களஞ்சியம் அந்தத் தானியங்கிப் பட்டியலில் இல்லை. நீங்கள்தான் ஏற்ற வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு மதியம், பேக்கப் எடுத்தபின், 'ஆப்ட் அப்கிரேடு'. அது கெர்னலையும் மாற்றியிருந்தால் '/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்ட்' என்ற ஃபைல் தோன்றியிருக்கும். அதைக் கண்டால் அன்றே ரீபூட் செய்துவிடுங்கள், திங்கட்கிழமை காலைக்குத் தள்ளாதீர்கள்.